கல்யாணத்துக்கு அச்சாரம் கொடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் மூத்த மகளின் திருமணத்துக்குப் பேசியிருந்த சமையல்காரர், அதே முகூர்த்தத்தில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் அச்சாரம் வாங்கியிருந்தார். எங்கள் மண்டபத்துக்கு வந்தவர்களில் ஒருவரையும் நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் வெறும் சோற்றை இலையில் வைத்துக்கொண்டு காத்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இளைய மகளின் திருமணத்தில் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதி வாங்கினேன். குறையில்லாமல் நடந்தது. அதன்பிறகு தெருவிலும் உறவிலும் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் என்னிடம் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

சித்தி, எதை முதலில் பேசி முடிப்பது? மண்டபமா, சமையலா?

மண்டபம்தான். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களைப் பெரும்பாலான குடும்பங்கள் தவிர்க்கின்றன. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வருவது ஒரு சில நாள்கள்தான். அந்த நாளுக்கு ஊரே போட்டி போடும். அதனால் ஜோசியரிடம் ஒரே தேதியை வாங்காமல் மூன்று தேதிகளை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். இந்தத் தேதியை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் நீங்கள் இருப்பது தெரிந்தால் பேரம் பேச இடமே இருக்காது.

மண்டபம் முடிந்த அதே வாரத்தில் சமையல், அடுத்து புரோகிதர், மேளம், போட்டோ. புரோகிதரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அலைந்த வீடுகள் நிறைய. அவருக்கும் அன்றைக்கு ஒரே ஒரு முகூர்த்தம்தான்.

ஒருவர் நம்பகமானவரா என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? எல்லோரும் நன்றாகத்தானே பேசுகிறார்கள்?

பேச்சை வைத்து எடை போடாதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் அவர் வேலை செய்த மூன்று வீடுகளின் எண்ணைக் கேளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் வேண்டாம், அண்மையில் முடித்தவர்கள்தான் வேண்டும், ஏனென்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்த வீட்டாரிடம் "நன்றாகச் செய்தாரா?" என்று கேட்டால் "நன்றாகத்தான் செய்தார்" என்பார்கள். "அன்று எது தவறிப்போனது? அப்போது அவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். எந்தக் கல்யாணத்திலும் ஏதாவது ஒன்று தவறும். கூட்டம் கூடிவிட்டபோது ஓடிப்போய் அரிசி வாங்கி வந்து இன்னொரு அடுப்பை ஏற்றினார் என்று சொன்னால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கவில்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

அடுத்ததாக, தொழிலில் இருப்பவர்களிடம் விசாரியுங்கள். மண்டபத்துக் காவலாளி, பாத்திர வாடகைக்காரர், வாழை இலை போடுபவர் ஆகியோருக்கு எந்தச் சமையல்காரர் நேரத்துக்கு வருவார், யார் கூலியாட்களின் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் தெரியும். தன் ஆட்களுக்குக் கூலியை ஒழுங்காகக் கொடுப்பவருக்குத்தான் முகூர்த்த நாளில் ஆட்கள் வருவார்கள். நான் யாரைப் பற்றியும் முதலில் கேட்பது இதைத்தான்.

மூன்றாவது ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பின்னால் வரும் பல பதில்களிலும் திரும்பச் சொல்வேன்: "அன்றைக்கு எங்கள் மண்டபத்தில் நிற்கப்போவது யார்?" பேசுகிறவர் ஒருவர், வருகிறவர் வேறொருவர் என்ற இடத்தில்தான் பெரும்பாலான ஏமாற்றம் நடக்கிறது. எங்களுக்கும் அதுதான் நடந்தது.

இன்ஸ்டாகிராமில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள், ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறார். அது போதாதா?

போதாது. ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். நிதானமாக எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். படங்களை நம்பி முடிவு செய்வதாக இருந்தால், ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள். அதுவும் உங்கள் மண்டபம் போன்ற சாதாரண மண்டபத்தில், சாதாரண விளக்கு வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். பொறுக்கியெடுத்த பத்துப் படங்களை யார் வேண்டுமானாலும் காட்டலாம். சில நேரம் அவை அடுத்தவருடைய படங்களாகவும் இருக்கும்.

என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பியே கேட்டரிங் செய்கிறார். அவரை விட்டுவிட்டு வெளியாளிடம் போனால் மனக்கசப்பு வரும். என்ன செய்வது?

அவர் நன்றாகச் செய்கிறவர் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வெளியாளிடம் கேட்கும் எல்லாவற்றையும் அவரிடமும் கேளுங்கள், எழுதியும் வாங்குங்கள். சொந்தக்காரரிடம் விலையை வாய்விட்டுப் பேசாமல் "பார்த்துக் கொடுங்கள் அண்ணி", "பார்த்துச் செய்யுங்கள் தம்பி" என்று முடித்துக்கொண்டு, பிறகு பத்து வருடம் பேசாமல் போன இரண்டு குடும்பங்கள் எங்கள் உறவிலேயே உண்டு. உங்களுக்கு அவர் வேலையில் நம்பிக்கை இல்லையென்றால், கல்யாணத்தன்று அவரை விருந்தாளியாக உட்கார வைத்துப் பந்தியில் உபசரிப்பதே மரியாதை என்று சொல்லிவிடுங்கள். வருத்தம் இருக்கும். ஆனால் சாப்பாடு தீர்ந்துபோய் வரும் வருத்தத்தைவிட அது சிறியது.

மண்டபம் பார்க்கப் போகும்போது எதைக் கேட்க மறந்துவிடுகிறோம்?

வாடகையைக் கேட்பார்கள், வாடகைக்கு மேல் வருவதைக் கேட்க மாட்டார்கள். மின்சாரம் யூனிட் கணக்கா, மொத்தத் தொகையா? உள்ளே நுழையும்போது மீட்டர் அளவை யார் குறிப்பது? ஜெனரேட்டருக்கு டீசல் யார் போடுவது? ஏசி எத்தனை மணி நேரம்? துப்புரவுக் கட்டணம், எச்சில் இலை அப்புறப்படுத்தும் கட்டணம், தண்ணீர் லாரி, வெளிச் சமையல்காரரை அழைத்தால் கட்டணம், வெளி அலங்காரக்காரரை அழைத்தால் கட்டணம்: இவற்றை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா, சொன்ன தொகைக்குள் அடங்கியதா என்பதையும் அப்போதே கேளுங்கள். முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், மறுநாள் எத்தனை மணிக்குக் காலி செய்யவேண்டும், அதற்கு முன்பும் பின்பும் வேறு விசேஷம் இருக்கிறதா என்பது மிக முக்கியம். முந்தைய நிகழ்ச்சி முடியத் தாமதமானால், உங்கள் அலங்காரக்காரர் ஏணியோடு வாசலில் நிற்பார்.

இன்னொன்றை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில், மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதை மறக்கவில்லை. ஆகவே, மண்டபம் பார்க்கும்போது மேடையையும் சரவிளக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வெளியேற எத்தனை வழிகள் இருக்கின்றன, அவை பூட்டியிருக்கின்றனவா, நாற்காலி அடுக்கி அடைத்திருக்கின்றனவா, சாப்பாட்டுக்கூடம் மாடியில் என்றால் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று நடந்து பாருங்கள். தீயணைப்புத் துறையின் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் எரிச்சல் படுகிற மண்டபம் உங்களுக்கு வேண்டாம்.

இலைக் கணக்கா, மளிகை லிஸ்டா? எது ஏமாறாத வழி?

இரண்டிலும் ஏமாறலாம், இரண்டிலும் நன்றாகவும் நடத்தலாம். உங்கள் வீட்டில் எத்தனை பேர் ஓடியாட இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மளிகை லிஸ்ட் முறையில் சமையல்காரருக்குக் கூலி மட்டும். அவர் எழுதிக் கொடுக்கும் மளிகை, காய்கறி, பால், எண்ணெய் எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும். பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் லிஸ்ட் தாராளமாக எழுதப்படும்; மிஞ்சிய முந்திரியும் நெய்யும் எங்கே போயின என்பது தெரியாமலும் போகும். அந்தக் காலத்தில் உக்கிராண அறைக்கு என்று வீட்டு மனிதர் ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருப்பார். கேட்டதை அளந்து கொடுப்பார், மிச்சத்தைக் கணக்கெழுதுவார். அப்படி ஒரு பெரியப்பாவோ அத்தையோ இன்றும் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த முறையில் துணிந்து இறங்கலாம். லிஸ்ட்டை இன்னொரு சமையல்காரரிடம் காட்டி "இத்தனை பேருக்கு இது சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இலைக் கணக்கில் பொருள், ஆள், பாத்திரம் எல்லாம் அவருடையது. ஒரு இலைக்கு இவ்வளவு என்று பேச்சு. இங்கே சண்டை வருவது எண்ணிக்கையில்தான். நான் செய்வது இது. முதல் நாள் இரவு, காலை டிபன், மதியம் என மூன்று வேளைக்கும் தனித்தனி விலை, தனித்தனி எண்ணிக்கை. குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம் கட்டவேண்டும், அதற்கு மேல் எத்தனை இலை வரை அவர் தயாராக வருவார் என்பது எழுத்தில். பரிமாறும் முன் இலைக் கட்டுகளை நம் ஆள் ஒருவரும் அவர் ஆள் ஒருவரும் சேர்ந்து எண்ணவேண்டும். முடிந்ததும் மிச்சத்தை எண்ணிக் கழிக்கவேண்டும். கிழிந்த இலைகளை எறியாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். மேளக்காரர், போட்டோக்காரர், ஓட்டுநர்கள், பரிமாறுகிறவர்கள் சாப்பிடும் இலை கணக்கில் சேருமா, சிறு குழந்தைகளுக்குப் போடும் இலை சேருமா என்பதையும் முன்பே பேசிவிட்டால் கடைசியில் கையைப் பிசைய வேண்டியதில்லை.

இலை விலையைக் கேட்கும்போது அதில் அடங்காதவற்றையும் கேளுங்கள். தண்ணீர் பாட்டில், பீடா, ஐஸ்கிரீம், வரவேற்பு ஜூஸ் போன்றவை தனி என்று கடைசியில் ஒரு சீட்டு வரும். நூறு பேர் உட்காரும் ஒரு பந்திக்குப் பரிமாற எத்தனை ஆட்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துக் கேட்டால் பலர் சமையலில் கை வைப்பதில்லை, பரிமாறும் ஆட்களைக் குறைப்பார்கள். சமையல் நன்றாக இருந்தும் சாப்பாடு சரியில்லை என்ற பெயர் வருவது அதனால்தான்.

ருசி பார்க்க அழைத்தார்கள், அருமையாக இருந்தது. அச்சாரம் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள். பத்துப் பேருக்குச் செய்த வற்றல்குழம்பை வைத்து எண்ணூறு பேருக்குச் செய்வதைக் கணிக்க முடியாது. அவர் வேறொரு வீட்டுக் கல்யாணத்தில் சமைக்கும் நாளைக் கேட்டு, அந்த வீட்டாரின் அனுமதியோடு, காலை ஆறு மணிக்குச் சமையல்கட்டுக்குப் போங்கள். தரை எப்படி இருக்கிறது, எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள், நறுக்கிய காயை எங்கே வைத்திருக்கிறார்கள், ஆட்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர்கள் வரிசையாக நின்றால் அது விதிமீறல். வணிகத்துக்கு உரியது 19 கிலோ நீல சிலிண்டர். சிலிண்டரிலேயே விதியை மீறுபவர் எண்ணெயில் மட்டும் கவனமாக இருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

உணவுத் தொழில் செய்யும் யாரும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயிடம் பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். அந்த எண் 14 இலக்கம் கொண்டது. கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் யார் பெயரில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். நம் ஊரில் கைமணம் மிக்க பல சமையல்காரர்களிடம் இந்த எண் இருப்பதில்லை. அவர்களை ஒதுக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "வாங்கிவிடுங்கள் அண்ணா" என்று வற்புறுத்துங்கள். நான் சொல்லி இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள்.

அச்சாரம் எவ்வளவு கொடுக்கலாம்? பாதிப் பணத்தை முன்பே கேட்கிறார்கள்.

தேதியைப் பிடித்து வைக்கச் சிறு தொகை, திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு பொருள் வாங்க ஒரு பங்கு, வேலை முடிந்த பிறகு மீதி என மூன்றாகப் பிரிப்பது இரு பக்கத்துக்கும் நியாயம். ஆறு மாதத்துக்கு முன்பே பாதிப் பணத்தைக் கேட்பவர், இன்னொரு வீட்டுச் செலவை உங்கள் பணத்தில் ஓட்டுகிறார் என்று அர்த்தமாகலாம். பணத்தை வங்கி வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்பில் திருமணத் தேதியையும் "சமையல் அச்சாரம்" என்பதையும் எழுதுங்கள். தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம், நானும் அப்படித்தான் கொடுப்பேன். தட்டில் நூற்றியொரு ரூபாய், மீதி வங்கியில்.

ரொக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பிரித்துப் பிரித்து வாங்கினாலும் அப்படித்தான். அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய அளவுக்கே. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் மாதங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் எடுத்துப்போனால், பறக்கும் படையினர் ஆவணம் கேட்பார்கள். இல்லையென்றால் பணத்தைப் பிடித்து வைப்பார்கள். அந்தச் சமயத்தில் பத்திரிகையையும் வங்கிச் சீட்டையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் அவர் மனம் புண்படாதா அக்கா?

பழகிய மனிதர்களிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். "எனக்கு மறதி அதிகம் அண்ணா, பேசியதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி நானே எழுதிவிடுவேன். ஒரு முழுத்தாள் போதும். தேதி, இடம், வந்து சேரும் நேரம், என்னென்ன தருவார், மொத்தத் தொகை, கட்டிய தொகை, மீதி எப்போது, அன்றைக்கு நேரில் நிற்கப்போவது யார், அவர் வர முடியாவிட்டால் யார், தேதி மாறினால் என்ன. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல். அதுவும் முடியாவிட்டால் வீட்டுக்கு வந்தவுடன் வாட்ஸ்அப்பில் "நாம் பேசியபடி" என்று தொடங்கி எல்லாவற்றையும் அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போடும்வரை விடாதீர்கள்.

நேர்மையானவருக்கும் இது பாதுகாப்புதான். "எழுநூறு என்று சொல்லிவிட்டு ஆயிரம் பேரைக் கூட்டி வந்துவிட்டு, சாப்பாடு போதவில்லை என்று என் பெயரைக் கெடுத்தார்கள்" என்று என்னிடம் கண்கலங்கிய சமையல்காரர் உண்டு.

பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். பில் இல்லாத இடத்தில் உங்கள் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்தும் எண்ணும் கலந்தது, தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். பதிவே இல்லாமல் ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள், அது தவறு. சிறிய அளவில் தொழில் செய்கிறவர் பதிவு செய்யாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. அவரிடம் கையெழுத்திட்ட ரசீது போதும்.

போட்டோ, வீடியோவுக்குப் பேசும்போது விலையைத் தவிர என்ன பார்க்க வேண்டும்?

மேலே சொன்ன அதே கேள்விதான்: வருகிறவர் யார்? நிறுவனத்தின் பெயரில் பேசிவிட்டு, முகூர்த்த நாளில் நாள் கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். வருகிறவர் பெயரை எழுதி வாங்குங்கள், அவர் எடுத்த ஆல்பத்தைப் பாருங்கள். மாங்கல்யதாரணம் ஒருமுறைதான். அதை எடுக்கும் கேமரா ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதிவு செய்யுமா, அன்றிரவே இன்னொரு இடத்தில் நகல் எடுப்பார்களா என்று கேளுங்கள். ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை மாதத்தில், தாமதமானால் என்ன என்பதும் எழுத்தில் வேண்டும். ஆல்பம் கைக்கு வரும்வரை ஒரு சிறு பங்குப் பணம் உங்களிடம் நிற்கட்டும்.

எடுத்த எல்லாப் படங்களையும் தரமாட்டோம், உரிமை எங்களுடையது என்று சிலர் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை. அவர்கள் நீட்டும் அச்சிட்ட தாளில் அந்த "வேறுவிதம்" சிறிய எழுத்தில் இருக்கும். படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெண்ணின் படத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதைப் பெண்ணிடமே கேட்டு எழுதுங்கள்.

ட்ரோன் பறக்கவிடுகிறார்கள் என்றால், எடை 250 கிராமுக்கு மேற்பட்டதா, ஓட்டுபவரிடம் சான்றிதழ் உண்டா, உங்கள் மண்டபம் விமான நிலையத்தை ஒட்டிய தடைப்பகுதியில் இருக்கிறதா என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடை அலங்காரத்துக்குப் படத்தில் காட்டியது ஒன்று, வந்தது வேறு. இதை எப்படித் தவிர்ப்பது?

"படத்தில் உள்ளபடி" என்று பேசாதீர்கள். எந்தப் பூ, எத்தனை கிலோ அல்லது எத்தனை கட்டு, எது நிஜப் பூ, எது செயற்கை என்று பட்டியல் கேளுங்கள். முகூர்த்த நாளில் பூ விலை ஏறும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்தே குறைந்துவிடும் என்பதால் தை மாதத்துக் கல்யாணத்தில் மல்லிகைச் சரம் கேட்டால் பல மடங்கு விலை சொல்வார்கள். அதைப் புரிந்துகொண்டு சம்பங்கிக்கோ செவ்வந்திக்கோ மாறலாம். "தையில் மல்லிகை கட்டுப்படியாகாதம்மா, வேறு பூ வைத்துக்கொள்ளுங்கள்" என்று தானாகச் சொன்ன பூக்காரரிடம்தான் நான் இன்றுவரை மாலை வாங்குகிறேன்.

தாலியை ஆசாரியிடம் செய்யலாமா, கடையில் வாங்கலாமா?

வழக்கப்படி பொன்னுருக்கிச் செய்கிற குடும்பம் என்றால் ஆசாரியிடம்தான் போவீர்கள். கொடுக்கும் தங்கத்தையும் திரும்ப வாங்கும் நகையையும் உங்கள் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். சேதாரம், கூலி இரண்டையும் முன்பே பேசுங்கள். கடையில் வாங்கும் நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்த சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு. அந்த அடையாள எண்ணைப் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் தூய்மை தெரியும். 22 காரட் என்றால் 916.

மேளக்காரர்களிடமும் இப்படித்தான் கறாராகப் பேச வேண்டுமா?

மரியாதையாகப் பேசுங்கள். எத்தனை நாதஸ்வரம், எத்தனை தவில், முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு உண்டா, முகூர்த்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும், வண்டி யாருடையது: இவ்வளவுதான் கேட்கவேண்டும். வேறு கச்சேரியிலோ கோயிலிலோ அவர்கள் வாசிப்பதை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அழைப்பு ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி வைத்தால் இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது.

வரவேற்பில் சினிமாப் பாட்டு போட உரிமக் கட்டணம் கட்டவேண்டும் என்று கேட்கிறார்கள். உண்மையா?

பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் இதற்கு விலக்கு இருக்கிறது. மதச் சடங்குகளிலும், திருமண ஊர்வலத்திலும், திருமணத்தோடு சேர்ந்த சமூகக் கொண்டாட்டங்களிலும் பாட்டு இசைப்பது மீறல் ஆகாது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையும் இதையே பொது அறிவிப்பில் சொன்னது. யாராவது கேட்டால் அந்தப் பிரிவைச் சொல்லி, கேட்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஈவென்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் தலைவலி இல்லைதானே?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், ஆள் துணை இல்லாதவர்களுக்கும் அது உதவிதான். ஆனால் அவர்கள் சமையலுக்கும் பூவுக்கும் வேறு ஆட்களை அழைப்பார்கள். யார் யாரை என்று பட்டியல் வாங்கி, சமையல்காரரையாவது நேரில் பாருங்கள். நிறுவனம் சமையல்காரருக்குப் பணம் கொடுக்காமல் இழுத்தடித்ததால், முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கும் நேரத்தில் பணத்தைக் கொடுத்தால்தான் பரிமாறுவோம் என்று ஆட்கள் நின்ற கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். பெண்ணின் அப்பா இரண்டாவது முறையாகப் பணம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதை முதல் நாளே அவரவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு வர முடியாது என்று சொன்னால்?

சொல்லும்வரை காத்திருக்காமல், ஒரு மாதம் முன்பு, ஒரு வாரம் முன்பு, இரண்டு நாள் முன்பு என மூன்று முறை நீங்களே கூப்பிடுங்கள். ஒரு வாரத்துக்கு முன் கூப்பிடும்போது "மளிகை எங்கே வாங்குகிறீர்கள்? ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். தயாரானவர் உடனே சொல்வார். மழுப்பினால் அன்றே மாற்று ஏற்பாட்டைத் தேடுங்கள். முதலில் விசாரித்தபோது உங்களுக்குப் பிடித்திருந்த இரண்டாமவரின் எண்ணை அழித்துவிடாதீர்கள். "இந்த முறை உங்களுக்குக் கொடுக்க முடியவில்லை" என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லி வைத்திருந்தால், அவசரத்துக்கு அவர்தான் கை கொடுப்பார்.

திருமணம் தள்ளிப்போய்விட்டது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

எழுதியிருப்பதைப் பொறுத்தது. 2020 கொரோனா ஊரடங்கில் திருமணங்களுக்கு 50 பேர் மட்டும் என்று கட்டுப்பாடு வந்தபோது, எழுத்து இல்லாத வீடுகள் அச்சாரத்துக்காக அலைந்ததைப் பார்த்தேன். துக்கம், வெள்ளம், அரசுத் தடை ஆகியவற்றால் தேதி மாறினால் ஓர் ஆண்டுக்குள் வேறு தேதிக்கு அதே பணத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியில் வைப்பவர்கள் மழைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதில் சேருங்கள்.

"எக்காரணத்துக்கும் பணம் திரும்பத் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும் அதோடு பேச்சு முடிந்துவிடாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டைத்தான் ஒப்புக்கொள்கிறது. மண்டபத்தை அதே தேதிக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அதைக் காட்டிக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். பாதியாவது பேசியே கிடைத்துவிடும்.

ஏமாந்துவிட்டோம். இனி எங்கே போவது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், மண்டபம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். பணத்தோடு ஆளே காணாமல் போனால், பலரிடம் ஒரே தேதிக்கு வாங்கியிருந்தால், காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.

ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், வங்கிக் குறிப்பு, அன்றைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். எங்கள் விஷயத்தில் நாங்கள் வழக்குப் போடவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

எல்லாம் நன்றாக நடந்தது. மீதிப் பணத்தை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாமா? கணக்குப் பார்க்க நேரமில்லை.

சொல்லாதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தவர்கள் அன்று மாலையே தங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். நாம் இவ்வளவு கேள்வி கேட்டு, எழுதி வாங்கிவிட்டு, நம் பக்கத்து வாக்கைத் தள்ளிப்போடுவது தகாது. கணக்கு முடிக்க என்றே வீட்டில் ஒருவரைத் தாலி கட்டும் முன்பே நியமித்துவிடுங்கள். மணமேடையில் நிற்கவேண்டிய அப்பாவோ அம்மாவோ அந்த வேலையைச் செய்யக்கூடாது. உறைகளில் ஒவ்வொருவருக்குமான மீதியை முதல் நாள் இரவே போட்டுப் பெயர் எழுதி வைத்தால், இலை எண்ணி முடித்த அரை மணியில் கொடுத்துவிடலாம். ஆல்பத்துக்காக நிறுத்தி வைத்ததை மட்டும் விட்டுவைக்கலாம்.

கொடுக்கும் முன் சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை போய், பாத்திரம் கழுவும் பெண்கள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். பல கல்யாணங்களில் அவர்களுக்குப் பாயசம் மிஞ்சுவதில்லை. இளையவள் கல்யாணத்தில் ஒரு தூக்கு நிறையப் பாயசத்தை முதலிலேயே எடுத்து உக்கிராண அறையில் வைத்துவிட்டேன்.